முகக்குறியும் மூளையும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

பிறர் முகத்தை நோக்கி அவர்தம் உள்ளத்தை அறியும் ஆற்றலைப் பண்டைத் தமிழ் நூலோர் ஒரு தனிக் கல்வியாகவே கருதினர். தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் வகுக்கப்பட்டுள்ளது. உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடம்பின்கண் புலப்படுதலே மெய்ப்பாடாகும். அதனை எட்டாக வகுத்த ஆசிரியர், ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன்கள் நந்நான்காக முப்பத்திரண்டினையும் எடுத்துரைத்தார். திருக்குறளிலே குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. ஒன்று அரசனைச் சார்ந்தொழுகும் அமைச்சர்க்குரியது, மற்றையது காதலர்க்குரியது. அரசவையிலும் அன்பு வாழ்விலும் வேண்டப்படுவது ஒரே ஆற்றலே என்பதை இப்பெயரொற்றுமை உணர்த்தும்.

மேனாட்டிலே இவ்வாற்றல் விஞ்ஞான ஆராய்ச்சிக்குரிய பொருளானது சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னராகும். முகத்தசைகளை ஆராய்ந்த வைத்தியர்களிடம் தொடங்கிய அவ்வாராய்ச்சி, உயிரியலார் கைக்கும் உளவியலார் கைக்கும் மாறி, இறுதியில் மூளையை ஆராயும் அறிஞர்களிடம் வந்து சேர்ந்தது. மூன்று வினாக்கள் அவ்வாராய்ச்சி முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றன. முகம் உள்ளத்தை உள்ளவாறே காட்டுகின்றதா? காட்டுவதைக் காண்பவனது மூளை எவ்வாறு அறிகின்றது? அவ்வறிவு பிறப்போடு வருவதா, பழக்கத்தால் வருவதா? மனவெழுச்சி நுண்ணறிவு என்னுந் தொடர் கல்வியுலகிற் பெரிதும் வழங்கும் இக்காலத்திலே, அத்தொடருக்கு ஆதாரமாய் நிற்கும் ஆராய்ச்சி எவ்வளவு உறுதியுடையது என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிந்திருத்தல் நன்று.

ஸ்கொத்லாந்திற் பிறந்த சாள்ஸ் பெல் (1774 – 1842) சத்திர வைத்தியத்திலும் ஓவியத்திலும் ஒருங்கே வல்லவர். முகக்குறிகளின் உடற்கூற்றை ஓவியர்க்கு விளக்கும் நூலொன்றை அவர் 1806 இல் வெளியிட்டார். முகத்தின் எந்தத் தசை எவ்வாறு இயங்கும்போது துயரமும் சினமும் வியப்பும் தோன்றுகின்றன என்பதைத் தம் கையாலேயே வரைந்து காட்டினார். முகத்தை இயக்கும் நரம்பையும் அவர் ஆராய்ந்தார். அந்நரம்பு தளர்வுற்று முகத்தின் ஒருபாதி இயக்கமிழக்கும் நோய் இன்றும் பெல்லின் முகவாதம் என அவர் பெயராலேயே வழங்குகின்றது. மனிதன் தன் உள்ளத்தைப் பிறர்க்கு வெளிப்படுத்தும் பொருட்டே இறைவன் முகத்தசைகள் சிலவற்றை அவனுக்குச் சிறப்பாக அளித்தான் என்பது பெல்லின் கொள்கை.

பெல் கத்தியாலும் எழுதுகோலாலும் ஆராய்ந்ததைப் பிரான்சிய வைத்தியரான டுஷேன் (1806 – 1875) மின்சாரத்தால் ஆராய்ந்தார். பரிஸ் நகரத்து மருத்துவமனையொன்றிலே முகத்திற் பரிசவுணர்ச்சியற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் முகத்தின்மீது மின்முனைகளை வைத்தால் அவர்க்கு நோவு தோன்றாது. ஆயினும் தசைகள் சுருங்கும். அவ்வாறு தசைகளைத் தனித்தனியே இயக்கி, அப்போது தோன்றிய முகக்குறிகளை டுஷேன் புகைப்படமெடுத்து, 1862 இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் ஒன்று நிலைபெற்றுவிட்டது. உதட்டின் கோடிகளை மேலிழுக்கும் தசை மனத்தின் ஏவலுக்கு அடங்கும். கண்ணைச் சூழ்ந்த தசை எளிதில் அடங்காது. ஆதலின், வாய் மாத்திரம் சிரிப்பது முகமன். கண்ணுங் கூடிச் சிரிப்பதே மெய்யான மகிழ்ச்சி என்றார் அவர். அவ்வகைச் சிரிப்பை உளவியலார் இன்றும் டுஷேன் சிரிப்பு என்றே கூறுவர்.

டுஷேனின் படங்களைப் பெற்று ஆராய்ந்தவர் சாள்ஸ் டாவின். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படுமாற்றைக் கூறும் அவரது நூல் 1872 இல் வெளிவந்தது. முகக்குறி மனிதனுக்கே உரிய தனிக் கொடை என்ற பெல்லின் கொள்கையை மறுப்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. சினங்கொண்ட மனிதன் பல்லைக் காட்டுவது, கடித்துப் போரிட்ட மூதாதையரின் எச்சமென்று அவர் கருதினார். அந்நூலிலே பின்வந்த ஆராய்ச்சியெல்லாம் மறவாதிருந்திருக்க வேண்டிய செய்தியொன்றும் உளது. டுஷேனின் படங்களை விளக்கக் குறிப்பின்றிக் கற்றோர் இருபதின்மர்க்கு மேற்பட்டோரிடம் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வுணர்ச்சியைக் குறிக்கின்றதென டாவின் வினவினார். சில படங்களைப் பற்றி ஏறத்தாழ எல்லாரும் ஒரே விடையளித்தனர். வேறு சிலவற்றைப் பற்றியோ விடைகள் பெரிதும் மாறுபட்டன. டுஷேனின் விளக்கத்தோடு சேர்த்துப் பார்த்தபோது அப்படங்கள் ஏறத்தாழ எல்லாமே தமக்குப் பொருத்தமாகத் தோன்றின என்றும், விளக்கமின்றிப் பார்த்திருப்பின் தாமும் மற்றையோரைப் போலவே மயங்கியிருத்தல் கூடுமென்றும் அவர் ஒளியாது எழுதினார். கண் காண்பதை முன்னறிவு திரிக்கும் என்பதற்கு இது நல்லதொரு சான்று.

முகக்குறிகள் உலகெங்கும் ஒன்றா என்பதை அறியவும் டாவின் முயன்றார். பதினாறு வினாக்கள் கொண்ட தாளொன்றை 1867 இல் அச்சிட்டுப் பல தேசங்களிலும் வாழ்ந்த மதகுருமார்க்கும் உத்தியோகத்தர்க்கும் அனுப்பினார். நினைவை நம்பாது நேரிற் கண்டதையே எழுதுமாறு அதிலே வேண்டிக்கொண்டார். முப்பத்தாறு பேரிடமிருந்து விடைகள் வந்தன. அவர்களுள் இலங்கையிலிருந்த கிளெனி என்னும் மதகுருவும் ஒருவர். இலங்கைக்கு அந்நூலிலே இன்னுமோர் இடமுண்டு. 1845 முதல் 1850 வரை இந்நாட்டிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் ரெனன்ற், பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் வடித்ததைத் தம் நூலில் விவரித்திருந்தார். விலங்கும் அழும் என்பதற்கு டாவின் அவ்விவரத்தை எடுத்தாண்டார். உலகெங்கும் மக்களின் முகக்குறிகள் பெரும்பாலும் ஒன்றேயென டாவின் முடிவு கட்டினார். ஆயினும், வியப்புற்றோர் கண்ணையும் வாயையும் அகலத் திறந்து புருவத்தை உயர்த்துவரா என்றாற்போல அவர் வினாக்கள் விடையைத் தம்முள்ளேயே கொண்டிருந்தன. அதனால் வந்த விடைகளின் வலிமை சிறிது குறைந்ததென்பது பிற்காலத்தார் கூறும் குறை.

உணர்ச்சி அறிவுக்கு அடங்குவதன்று என்பதையும் டாவின் தம்மிடத்திலேயே சோதித்தறிந்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே கொடிய விரியன் பாம்பொன்று இருந்த கூட்டின் தடித்த கண்ணாடியிலே முகத்தைப் பதித்து, பாம்பு பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லையென உறுதிபூண்டு நின்றார். பாம்பு பாய்ந்ததும் அவ்வுறுதி பறந்தது. வியத்தகு விரைவோடு அவர் பின்னே துள்ளிக் குதித்தார். தாம் ஒருபோதும் பட்டறியாத ஆபத்தொன்றன் முன்னே தம் அறிவும் உறுதியும் பயன்படாது போனதை அவர் குறித்து வைத்தார். அறிவுக்கு முந்திச் செயற்படும் அக்கருவி உடம்பில் யாண்டுளது என்பதே அடுத்த தலைமுறையின் வினாவாயிற்று.

அமெரிக்க உளவியலாரான வில்லியம் ஜேம்ஸ் 1884 இல் எழுதிய கட்டுரையொன்றிலே அவ்வினாவைத் தலைகீழாக்கினார். அஞ்சுவதால் நடுங்குகின்றோம் என உலகோர் கருதுவர். உண்மையில் நடுங்குவதை உணர்வதே அச்சம் என்றார் அவர். தென்மார்க்கு நாட்டு வைத்தியரான கார்ல் லாங்கேயும் அடுத்த ஆண்டில் இதையொத்த கொள்கையொன்றை வெளியிட்டார். 1927 இல் வோல்ற்றர் கனன் இக்கொள்கையை மறுத்தார். அச்சத்திலும் சினத்திலும் இதயத்துடிப்பும் வியர்வையும் ஒரே தன்மையவாயிருக்கையில், அவற்றைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் எங்ஙனம் என்பது அவர் தடை. இவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை. ஆயினும், ஆராய்ச்சியாளரின் கவனம் உடம்பிலிருந்து மூளைக்குத் திரும்புதற்கு அது வழிகோலிற்று.

1937 ஆம் ஆண்டு தொடக்கம் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளூவர், பூசி என்னும் இருவர் வெளியிட்ட செய்தி பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. குரங்குகளின் மூளையிலே இருபுறப் பொட்டுப் பகுதிகளையும் நீக்கியபோது, மனிதரைக் கண்டு சீறிய குரங்குகள் சாதுவாயின. முன்னர் அஞ்சிய பொருள்களையும் அவை தயங்காது அணுகி, கையிலெடுத்து, வாயிலிட்டுப் பார்த்தன. அவற்றின் கண் பழுதுறவில்லை. காணும் பொருளின் பொருளே அவற்றுக்குப் புலப்படாது போயிற்று. 1956 இல் வைஸ்கிரான்ட்ஸ் என்பவர், இவ்வச்சக் கேட்டுக்குக் காரணம் அப்பகுதியின் ஆழத்திலுள்ள அமிக்டலா என்னும் சிறு உறுப்பின் சேதமேயெனக் காட்டினார். வாதுமைப் பருப்பின் வடிவினதாகிய அவ்வுறுப்பு மூளையின் இரு பக்கத்தும் ஒவ்வொன்றாக உளது.

இதற்கிடையே யுத்தம் வேறொரு வாயிலைத் திறந்தது. இரண்டாம் உலக யுத்தத்திலே தலையிற் காயமுற்ற ஜேர்மானியப் போர்வீரரைப் பரிகரித்த போடமர் என்னும் வைத்தியர், முகங்களை மாத்திரம் இனங்காண இயலாத நோயாளரைப் பற்றி 1947 இல் எழுதினார். கண்ணும் மூக்கும் வாயும் அவர்களுக்குத் தெரியும். அவை கூடிய முகம் யாருடையது என்பது தெரியாது. குரலைக் கேட்டபின்னரே உற்றாரை அறிவர். முகத்தை அறிதற்கென மூளையில் தனி ஏற்பாடு உண்டென்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. அரை நூற்றாண்டின் பின்னர், 1997 இல், நான்சி கன்விஷரும் அவர்தம் துணைவரும் மூளையின் அடிப்புறத்தே முகங்களைக் காணும்போது சிறப்பாகச் செயற்படும் பகுதியொன்றைக் காந்தப் படப்பிடிப்பினாற் காட்டினர். முகம் யாருடையது என அறிதலும், அம்முகம் என்ன உணர்ச்சியைக் காட்டுகின்றது என அறிதலும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளால் நிகழ்வன என்பதும் படிப்படியாகத் தெளிவாயிற்று.

டாவினின் உலகப் பொதுமைக் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மதிப்பிழந்திருந்தது. முகக்குறியும் மொழியைப் போல ஒவ்வொரு சமூகத்திலும் கற்கப்படுவதே என்பது அக்கால மானிடவியலார் பலரின் கொள்கை. அமெரிக்க உளவியலாரான போல் எக்மன் இதனைத் தீர்க்கக் கருதி, 1967 இலும் 1968 இலும் நியூகினியாவின் மலைப்பகுதிக்குச் சென்றார். ஆங்கு வாழ்ந்த போரே என்னும் மக்கள் வெளியுலகத்தோடு மிகக் குறைந்த தொடர்பே உடையராயிருந்தனர். சிறு கதையொன்றைக் கூறி, அதற்கேற்ற முகத்தைப் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்குமாறு அவர்களைக் கேட்டபோது, அவர்களின் விடைகள் பெரும்பாலும் அமெரிக்கரின் விடைகளோடு ஒத்தன. அச்சத்தையும் வியப்பையும் மாத்திரம் அவர்கள் பிரித்தறியவில்லை. மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு என்னும் ஆறும் மனிதகுலத்துக்குப் பொதுவானவை என்ற முடிவு இதனால் நிலைபெற்றது. 1978 இல் எக்மனும் பிறீசனும் முகத்தசையியக்கங்களை இலக்கமிட்டு வகைப்படுத்தும் முறையொன்றையும் அமைத்தனர். பெல்லும் டுஷேனும் தொடங்கிய பணி அதில் நிறைவெய்தியது எனலாம்.

உயிருள்ள மனிதனின் மூளை இயங்குவதை மண்டையைத் திறவாது நோக்கும் கருவிகள் 1990 ஆம் ஆண்டளவில் விருத்தியுற்றன. குருதி மிகுதியாகப் பாயும் மூளைப்பகுதியே மிகுதியாக உழைக்கும் பகுதி என்பது அவற்றின் அடிப்படை. 1996 இல் அஞ்சிய முகங்களையும் மகிழ்ந்த முகங்களையும் பிரித்தானியரான ஆய்வாளர் சிலர் காட்டியபோது, அஞ்சிய முகங்களுக்கு அமிக்டலா கூடிய துலங்கலைக் காட்டிற்று. 1998 இல் வேலன் என்பவரும் பிறரும், அஞ்சிய முகமொன்றை ஒரு வினாடியின் முப்பதிலொரு பங்கு நேரமே காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகத்தால் அதனை மறைத்தனர். பார்த்தோரிற் பெரும்பாலோர் அஞ்சிய முகத்தைக் கண்டதாகக் கூறவில்லை. ஆயினும் அவர்களது அமிக்டலா துலங்கிற்று. அகலத் திறந்த கண்ணின் வெண்விழி மாத்திரமே அதனைத் தூண்டப் போதும் என்பதை 2004 இல் அதே ஆய்வாளர் காட்டினர். விரியன் பாய்ந்தபோது டாவினை அவர் உறுதிக்கு முந்திப் பின்னே தள்ளிய கருவியின் இருப்பிடம் ஒருவாறு புலப்பட்டது.

இந்நிலையிலே அமிக்டலாவை அச்சத்தின் இருப்பிடமென்றே பலரும் கூறத் தலைப்பட்டனர். அக்கூற்றை வலியுறுத்தியதும் பின்னர்த் திருத்தியதும் ஒரே நோயாளியைப் பற்றிய ஆராய்ச்சியே. மிக அரிய பரம்பரை நோயொன்றினால் இருபுற அமிக்டலாக்களும் சிதைவுற்ற பெண்ணொருவரை அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய அடொல்ப்ஸ், தமாசியோ முதலியோர் ஆராய்ந்து 1994 இல் எழுதினர். அவர் அறிவிற் குறைவில்லாதவர். அறிந்தோர் முகங்களை இனங்காண்பவர். மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகளைப் பிறர் முகத்தில் அறிபவர். அச்சத்தை மாத்திரம் அவரால் அறிய இயலவில்லை. பல உணர்ச்சிகளுக்குரிய முகங்களை வரைந்து காட்டிய அவர், அஞ்சிய முகம் எவ்வாறிருக்குமெனத் தாம் அறியாரென்று கூறினார்.

பதினொரு ஆண்டுகளின் பின்னர், 2005 இல், அடொல்ப்ஸும் துணைவரும் அதே பெண்ணின் கண்ணசைவைக் கருவிகொண்டு அளந்தனர். ஏனையோர் ஒரு முகத்தைக் கண்டதும் முதலில் கண்களையே நோக்குவர். அவரோ கண்களை நோக்கவில்லை. அச்சத்தின் அடையாளம் பெரிதும் கண்களிலேயே உளது. ஆகவே, படத்திலுள்ளவரின் கண்களை நோக்குமாறு அவருக்குக் கூறினர். அவ்வாறு நோக்கியதும், பத்து ஆண்டுகளுக்கு மேலாக அறியாதிருந்த அச்சத்தை அவர் பிறரைப் போலவே அறிந்தார்! அறிவுறுத்தல் நின்றதும் அவர் கண் மீண்டும் பழைய வழியே சென்றது, அறிவும் மறைந்தது. சேதமுற்ற உறுப்பு செய்துவந்த தொழில் இதனாற் புலனாயிற்று. அமிக்டலா அச்சத்தை அடைத்து வைத்த பெட்டகமன்று. முகத்தில் எவ்விடத்தே நோக்கவேண்டுமெனக் கண்ணுக்கு ஏவும் தொழிலும் அதற்குண்டு. 2013 இல் அதே பெண் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதியுற்றமை, அச்சம் அவ்வுறுப்பின்றியும் பிறக்கும் என்பதைக் காட்டிற்று. இவ்வரலாற்றிலே 2005 ஆம் ஆண்டின் சோதனையைப் போன்று ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது பிறிதில்லை. பிறர் உள்ளத்தை அறிதல் நோக்கிடத்தையும் கவனத்தையும் பொறுத்தது; நோக்குவதோ ஓரளவிற்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியது.

இவ்வாராய்ச்சிகள் நிகழ்ந்த அதே காலத்திலே மனவெழுச்சி நுண்ணறிவு என்னுங் கருத்துப் பிறந்தது. 1920 இல் எட்வேட் தோண்டைக், மனிதரோடு பழகுதற்குரிய சமூக நுண்ணறிவு ஒன்று உண்டென எழுதியிருந்தார். 1990 இல் பீற்றர் சலோவே, யோன் மேயர் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் மனவெழுச்சி நுண்ணறிவுக்கு வரைவிலக்கணம் வகுத்தனர். தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் உணர்ந்து, அவற்றைப் பகுத்தறிந்து, அவ்வறிவினால் தன் சிந்தனையையும் செயலையும் நெறிப்படுத்தும் திறன் என்பதே அவர் கருத்து. பின்னர் அவர்கள் அமைத்த அளவையிலே முகங்களில் உணர்ச்சியைக் காணுந் திறன் முதற்படியாக வைக்கப்பட்டது. 1995 இல் டானியல் கோல்மன் என்னும் பத்திரிகையாளர் எழுதிய நூலால் இத்தொடர் உலகெங்கும் பரவிற்று. நுண்மதி ஈவினும் இதுவே வாழ்க்கைக்கு மேலாக உதவக்கூடும் என்று அந்நூல் கூறிற்று. விடாமுயற்சி, நம்பிக்கை முதலிய நற்குணங்களையெல்லாம் இப்பெயருள் அடக்குவதைச் சலோவேயும் மேயருமே ஏற்றுக்கொள்ளவில்லை.

அளவை பற்றிய இடர்ப்பாடு இதனினும் பெரிது. கணிதத்திலே சரியான விடை ஒன்றுண்டு. ஒரு முகம் எவ்வளவு துயரத்தைக் காட்டுகின்றது என்பதற்குச் சரியான விடையை யார் கூறுவது? அவ்வளவையிலே பெரும்பாலோர் அளிக்கும் விடையோ, துறைபோனவர்கள் அளிக்கும் விடையோ சரியானதாகக் கொள்ளப்பட்டது. பெரும்பாலோரும் ஒருங்கே மயங்குதல் கூடுமன்றோ? டாவின் இருபதின்மரை வினவிய நாளில் எழுந்த ஐயம் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் தீரவில்லை.

அவ்வையத்தைப் புதிய ஆராய்ச்சிகள் வலுப்படுத்தின. 2009 இல் றேச்சல் ஜக் என்பவரும் பிறரும், முகங்களை நோக்கும்போது கிழக்காசிய மக்களின் பார்வை கண்களிலேயே பெரிதும் தங்குவதையும், ஐரோப்பியரின் பார்வை கண், வாய் இரண்டிலும் பரவுவதையும் கண்டனர். அதற்கேற்ப அவர்கள் மயங்கும் இடங்களும் வேறுபட்டன. 2016 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, இன்றைய பப்புவா நியூகினியாவைச் சேர்ந்த ரொபிரியாண்ட் தீவுகளில் நிகழ்ந்தது. கண்ணும் வாயும் அகன்ற முகத்தை மேனாட்டார் அச்சம் என்பர். அத்தீவின் இளைஞர் பலர் அதனைப் பிறரை அச்சுறுத்தும் முகமென்றனர். எக்மன் உலகப் பொதுமையைக் கண்ட அதே நாட்டிலேயே அதற்கு மாறான சான்றுங் கிடைத்தது.

ஒரே சமூகத்தினரிடையேயும் முகம் தனித்து நின்று பேசுவதில்லை. டெனிஸ் போட்டியிலே புள்ளியை வென்றவரின் முகத்தையும் இழந்தவரின் முகத்தையும் மாத்திரம் வெட்டியெடுத்து 2012 இல் அவியேசரும் பிறரும் காட்டியபோது, எம்முகம் வென்றவருடையது என்பதைப் பார்த்தோர் கூறமுடியவில்லை. முகமின்றி உடம்பை மாத்திரம் காட்டியபோது எளிதிற் கூறினர். முகமும் உடம்பும் கூடிய படத்தைப் பார்த்தோரோ, தாம் முகத்தைக் கொண்டே அறிந்ததாக நம்பினர்! உணர்ச்சி பிறக்கும் நிலைக்களன்களை முப்பத்திரண்டாக வகுத்த மெய்ப்பாட்டியலின் முறை இங்கே நினைவுகூரத்தக்கது. இன்ன நிலைக்களத்திலே இவ்வுணர்ச்சி பிறக்குமென்பதை அறிந்தாலன்றி உடம்பிற் கண்ட குறியைப் பொருள்செய்தல் அரிது.

2019 இல் லிசா பறெற், அடொல்ப்ஸ், பொலக் முதலிய ஐவர் கூடி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி நீண்டதோர் அறிக்கையை வெளியிட்டனர். ஐவரும் ஒரே கொள்கையினர் அல்லர் என்பதால் அவர்தம் முடிவு மதிப்புமிக்கது. சினங்கொண்டோர் பலவேளைகளிற் புருவஞ் சுளிப்பர். ஆயினும் பலவேளைகளிற் சுளிப்பதில்லை. சுளித்த புருவத்தினர் எல்லாருஞ் சினங்கொண்டவரும் அல்லர்; ஆழ்ந்து சிந்திப்பவரும் ஒளி கூசுபவரும் புருவஞ் சுளிப்பர். ஆதலின், முகத்தசையின் அசைவை மாத்திரங் கண்டு உள்ளத்தின் நிலையை உறுதியாகக் கூறுவதற்கு ஆதாரம் போதாது என்பது அவர்கள் கண்ட முடிபு. அமிக்டலாவின் தொழிலை விளக்கிய அடொல்ப்ஸே இம்முடிபுக்கும் உடன்பட்டமை நோக்கற்பாலது.

அவ்வைவருள் ஒருவரான சேத் பொலக் சிறுவர்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி ஆசிரியர்க்கு இன்றியமையாதது. வீட்டில் அடியுதைபட்டு வளர்ந்த சிறுவர், மெல்லமெல்லத் தெளிவாகிவரும் முகப்படத்திலே சினத்தை ஏனைச் சிறுவரினும் முந்தி அறிவதை அவர் 2002 இல் வெளியிட்டார். சினமும் வேறோர் உணர்ச்சியும் கலந்த முகங்களையும் அவர்கள் சினமென்றே கொள்ளும் இயல்பினர். அச்சிறுவர் உணர்ச்சியறிவிற் குறைந்தவர் அல்லர். தம் வாழ்க்கை கற்பித்த பாடத்தை நன்கு கற்றவர். அடி விழுமுன் அறிந்துகொள்வது அவர்களுக்கு உயிர்க்காப்பாயிருந்தது. அத்தகைய சிறுவன் வகுப்பறையிலே ஆசிரியரின் களைத்த முகத்தைச் சின முகமாகக் கொண்டு ஒடுங்கிப்போகலாம். அன்றி எதிர்த்தும் எழலாம். அவன் முகத்திலே தோன்றும் விறைப்பை ஆசிரியர் செருக்கெனக் கொள்வாராயின், இருவர் முகங்களும் இருவராலும் பிழையாக வாசிக்கப்பட்டனவாம். தண்டனை அப்பிழையை உறுதிசெய்யுமேயன்றித் திருத்தாது.

இன்று முகத்தை வாசிக்கும் வேலையைப் பொறிகளிடம் ஒப்படைக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. ஒளிப்படக் கருவியாற் பிடித்த முகத்தைக் கணினி ஆராய்ந்து, மாணவன் கவனிக்கின்றானா, சலிப்புற்றானா எனக் கூறுமென்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய நோக்கங்களுக்காகவன்றி, கல்வி நிலையங்களிலும் தொழிற்றலங்களிலும் மனிதரின் உணர்ச்சியை ஊகிக்கும் பொறிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அத்தடை 2025 பெப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய பொறிகளுக்கு உள்ள விஞ்ஞான ஆதாரம் பற்றிய ஐயமும் அத்தடைக்குரிய காரணங்களுள் ஒன்று. பொறிக்கு மறுக்கப்பட்ட துணிபை மனிதர் தமக்கு எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்வாறு நோக்குமிடத்து, இருநூறு ஆண்டு ஆராய்ச்சி தொடக்கத்திற் குறித்த மூன்று வினாக்களுக்கும் ஒருவாறு விடை தந்துள்ளது. முகம் உள்ளத்தைக் காட்டும். ஆயினும் எப்போதும் காட்டுவதில்லை. காட்டுவதும் ஒரு பொருளையே குறிப்பதன்று. மூளை அதனை மிக விரைவாக உணரும். அவ்விரைவு ஆபத்திலிருந்து காக்குமேயன்றித் தீர்ப்பு வழங்குதற்கு உதவாது. அவ்வாற்றலின் வேர் பிறப்பில் உளது. கிளைகளோ வாழ்க்கையாலும் பழக்கத்தாலும் வளர்வன. ஆகவே, மனவெழுச்சி நுண்ணறிவை முகத்தைக் கண்டதும் உள்ளத்தைச் சொல்லும் மாயவித்தையாகக் கற்பித்தல் பொருந்தாது. நோக்கவேண்டிய இடத்தை நோக்குதல், நிலைக்களத்தை உசாவுதல், முதலில் தோன்றிய எண்ணத்தை முடிந்த முடிபாகக் கொள்ளாது வாய்திறந்து கேட்டல் என்னும் மூன்றையுமே அது கற்பித்தல் வேண்டும்.

மெய்ப்பாட்டியலை முடிக்கும் சூத்திரத்திலே தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் ஐயமற உணரவல்ல மாந்தர்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருளை ஆராய்ந்து அறிதல் அரிதென்னும் கருத்தை வைத்தார். கண்ணோடு செவியையும் அவர் சேர்த்தமை கருதத்தக்கது. வகுப்பறையின் கடைசி வரிசையிலே குனிந்த தலையோடு இருக்கும் மாணவனின் முகம் ஆசிரியர்க்கு ஒரு வினாவையே விடுக்கின்றது. அதன் விடை அவன் சொல்லக் கேட்டபின்னரே கிடைக்கும்.